காணா நீருக்கு ஒரு வரைபடம்

நுழையும்முன்

மழையை அளக்கிறோம், ஆற்றில் வரும் நீரைக் கணக்கிடுகிறோம், அணையின் நீர்மட்டத்தை நாள்தோறும் செய்தியாகப் படிக்கிறோம். ஆனால், காலடியில் இருக்கும் நீர் எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, யாருடைய கிணற்றோடு யாருடைய கிணறு தொடர்புடையது என்பவற்றைப் பெரும்பாலும் அறியாமலேயே அதை எடுத்துப் பயன்படுத்துகிறோம். நிலத்தில் சிறிய அதிர்வை எழுப்பி, அதன் உள்ளமைப்பைக் காணும் முறை இன்று நம்மிடம் உள்ளது. அம்முறை எதைக் காட்டும், எதைக் காட்டாது, அது தரும் படம் யாருக்கு உரியதாக இருக்க வேண்டும் என்னும் வினாக்களை எழுப்புகிறது இக்கட்டுரை.

ஆற்றங்கரையில் ஒரு தாகம்

காவிரியின் கிழக்குக் கரையில் அமைந்த ஊர் பள்ளிபாளையம். பாலத்தைக் கடந்தால் ஈரோடு. விசைத்தறிக் கூடங்களும் சாயப்பட்டறைகளும் காகித ஆலையும் கரும்பு வயல்களும் சூழ்ந்த இவ்வூரின் வாழ்வு முழுவதும் நீரை நம்பியது. ஆற்றின் கரையில் இருக்கும் ஊருக்கு நீர்க்கவலை ஏது என்று வெளியூரார் எண்ணக்கூடும். ஆற்றை விட்டுத் திருச்செங்கோட்டுச் சாலையில் சிறிது தொலைவு சென்றாலே அந்த எண்ணம் மாறிவிடும். அங்கே மேட்டு நிலங்களில் வாழும் குடும்பங்களுக்கும் பயிர்களுக்கும் ஆழ்துளைக் கிணறே துணை. நிலத்தடி நீர் மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கியே நகரும். ஆகவே, ஆறு நிறைந்து ஓடுவதனாலேயே மேட்டு நிலத்துக் கிணறு நிறைந்துவிடுவதில்லை.

கோடைக்காலத்தில் இவ்வட்டாரத்துச் சிற்றூர்களில் ஒரு காட்சியைக் காணலாம். வயலின் ஓரத்தில் இரண்டு பெரிய வண்டிகள் வந்து நிற்கும். ஒன்று துளையிடும் ரிக் வண்டி. மற்றொன்று காற்றழுத்தம் தரும் கம்ப்ரசர் வண்டி. தேங்காயை உள்ளங்கையில் வைத்தோ, கவைக்குச்சியைப் பிடித்தோ ஒருவர் குறித்துக் கொடுத்த இடத்தில், எலுமிச்சம்பழமும் கற்பூரமும் வைத்து வணங்கிய பின் துளையிடுதல் தொடங்கும். வீட்டார் அனைவரும் சுற்றி நிற்பர். நூறடி, முந்நூறடி, ஐந்நூறடி என்று ஆழம் கூடும். துளையிலிருந்து வெண்புழுதி எழும்பிக்கொண்டே இருக்கும். புழுதி ஈரமானால் வீட்டாரின் முகம் மலரும். இல்லையேல் ‘இன்னும் நூறடி பார்க்கலாமா?’ என்னும் வினா எழும். ஒவ்வோர் அடிக்கும் பணம். ஆயிரம் அடி, அதாவது ஏறத்தாழ 305 மீட்டர், துளைத்த பின்னும் புழுதி மட்டுமே வந்தால் அக்குடும்பத்துக்கு எஞ்சுவது கடனும் ஒரு வெற்றுத் துளையும்தாம்.

இதில் ஒரு முரணும் உண்டு. பள்ளிபாளையத்துக்கு அண்மையில் உள்ள திருச்செங்கோடு, ரிக் வண்டிகளுக்கு நாடெங்கும் பெயர்பெற்ற ஊர். அங்கிருந்து புறப்படும் வண்டிகள் இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் சென்று நிலத்தைத் துளைக்கின்றன. துளையிடும் திறனில் நாட்டுக்கே வழிகாட்டும் ஒரு வட்டாரம், எங்கே துளையிட வேண்டும் என்பதை மட்டும் இன்னும் நற்பேற்றிடம் விட்டுவைத்திருக்கிறது.

என் கருத்து இதுதான்: பாறை நிலத்தில் துளையிடும் முன் நிலத்தைப் படம்பிடிக்க வேண்டும், அந்தப் படம் ஒருவரது பெட்டிக்குள் அடங்காமல் ஊரின் பொதுச்சொத்தாக இருக்க வேண்டும். இவற்றுள் இரண்டாவது நிறைவேறாவிட்டால், முதலாவது நன்மையைவிடத் தீமையையே மிகுதியாகச் செய்யும்.

பாறைக்குள் நீர் எங்கே?

மணற்கேணியைத் தோண்டத் தோண்ட நீர் ஊறும் என்பதைக் கல்விக்கு உவமையாக்கினார் வள்ளுவர். அவர் கூறியது மணற்பாங்கான நிலத்தைப் பற்றியது. மணலில், துகள்களுக்கு இடையே உள்ள சிறு இடைவெளிகள் எல்லாவற்றிலும் நீர் நிறைந்திருக்கும். பாறை நிலத்தின் இயல்பு வேறு. தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கடினப்பாறை நிலம். சேலம், நாமக்கல் சமவெளிகளும் அத்தகையனவே. சார்னோக்கைட், நைஸ், கிரானைட் முதலிய மிகப் பழைமையான பாறைகளே இந்நிலத்தின் அடித்தளம். சிதையாத கிரானைட்டில் நீர் தங்குவதற்கு இடைவெளி இல்லை.

அப்படியாயின், இங்கே நீர் எங்குத் தங்குகிறது? நிலத்தை மேலிருந்து கீழாக மூன்று அடுக்குகளாக எண்ணிப் பார்ப்போம். முதல் அடுக்கு, மண்ணும் வெயிலாலும் மழையாலும் நெடுங்காலம் சிதைந்து நெகிழ்ந்த பாறையும் சேர்ந்தது. இதுவே பாறை நிலத்தின் நீர்த்தொட்டி. ஓரிடத்தில் இது சில மீட்டர் மட்டுமே இருக்கும். சற்றுத் தள்ளி இருபது, முப்பது மீட்டர் வரை தடித்திருக்கும். இரண்டாம் அடுக்கு, விரிசல்கள் நிறைந்த பாறை. மேலடுக்கில் தங்கிய நீரை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்லும் குழாய்கள் போன்றவை இவ்விரிசல்கள். மூன்றாம் அடுக்கு, சிதைவும் விரிசலும் அருகிய உறுதியான பாறை. அங்கும் அரிதாகச் சில ஆழ்ந்த விரிசல்கள் நீரோடு இருக்கக்கூடும். ஆனால், அவற்றை எதிர்பார்த்து ஆழம் செல்வது சூதாட்டத்தை ஒத்தது.

ஐதராபாத்தில் உள்ள தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனமும் பிரெஞ்சு அறிஞர்களும் இணைந்து, மகேஸ்வரம் என்னும் பாறைநில நீர்ப்பிடிப்புப் பகுதியில் பல ஆண்டுகள் ஆராய்ந்துள்ளனர். நீர் தரும் விரிசல்கள் பெரும்பாலும் விரிசலடுக்கின் மேற்பகுதியிலேயே செறிந்துள்ளன என்பதும், ஆழம் செல்லச் செல்ல அவை அருகுகின்றன என்பதும் அவ்வாய்வுகள் உணர்த்தும் செய்தி. மணல் நிலத்துக்கு உரிய நம்பிக்கையைப் பாறை நிலத்துக்கும் பொருத்தி, ‘ஆழம் கூடினால் நீர் கூடும்’ என்று எண்ணுவதே பல குடும்பங்களைக் கடனில் ஆழ்த்துகிறது. இங்கே கேட்க வேண்டிய வினா ‘எவ்வளவு ஆழம்?’ என்பதன்று, ‘சிதைந்த பாறை எங்கே தடித்திருக்கிறது? விரிசல் எந்தத் திசையில் செல்கிறது?’ என்பதே.

சம்மட்டி அடியும் ஒரு படமும்

இவ்வினாக்களுக்கு விடை தேடும் வழிகளுள் ஒன்று நில அதிர்வு முறை. நிலநடுக்கத்தை ஆராயப் பிறந்த அறிவியல்தான் இதற்கும் அடிப்படை. நிலத்தில் வரிசையாக, சில மீட்டர் இடைவெளியில், ஜியோபோன் எனப்படும் சிறிய அதிர்வு உணரிகளைப் பதிப்பர். அவ்வரிசையின் ஒரு முனையில் இரும்புத் தகட்டை வைத்துச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பர். அந்த அடி எழுப்பும் அதிர்வலை நிலத்துக்குள் பரவி, ஒவ்வோர் உணரியையும் எப்போது வந்தடைகிறது என்பதைக் கருவி பதிவுசெய்யும். அளக்க வேண்டியது ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி அளவிலான காலம்.

அதிர்வலையின் வேகம் பொருளுக்குப் பொருள் மாறுபடும். உலர்ந்த மேல்மண்ணில் அது நொடிக்குச் சில நூறு மீட்டரே செல்லும். நீரில் ஏறத்தாழ 1500 மீட்டர் செல்லும். நீர் நிறைந்த சிதைந்த பாறையில் அதற்கு ஒப்பாகவோ சற்று மிகுதியாகவோ செல்லும். உறுதியான கிரானைட்டில் நொடிக்கு 5000 மீட்டருக்கும் மேல் பாயும்.

இவ்வேறுபாடு எவ்வாறு ஆழத்தைக் காட்டும்? பள்ளிபாளையத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து இருவர் சேலத்துக்குப் புறப்படுவதாகக் கொள்வோம். ஒருவர் வண்டிப்பாதை வழியாகவே நேராக மிதிவண்டியில் செல்கிறார். மற்றவர் சுற்றிச் சென்று தேசிய நெடுஞ்சாலையை அடைந்து பேருந்தில் ஏறுகிறார். அடுத்த ஊருக்கு மிதிவண்டிக்காரரே முதலில் சென்று சேர்வார். தொலைவு கூடக் கூட, சுற்றிச் சென்றவரே முந்துவார். அதிர்வலைகளும் அவ்வாறே. அருகில் உள்ள உணரிக்கு மேல்மண் வழியே நேராக வரும் அலை முதலில் சேரும். தொலைவில் உள்ள உணரிக்கோ, கீழே இறங்கிப் பாறையின் மேற்பரப்பில் விரைந்து மீண்டும் மேலேறி வரும் அலையே முதலில் சேரும். எந்தத் தொலைவில் இந்த முந்துதல் நிகழ்கிறது என்று கண்டால், பாறை எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்று கணித்துவிடலாம்.

எளிய எடுத்துக்காட்டு ஒன்றைக் காண்போம். மேலடுக்கில் வேகம் நொடிக்கு 500 மீட்டர். பாறையில் 5000 மீட்டர். முந்துதல் நிகழும் தொலைவு 44 மீட்டர். இரு வேகங்களின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, முந்துதல் தொலைவின் பாதியால் பெருக்கினால் ஏறத்தாழ 20 மீட்டர் என்று விடை கிடைக்கும். அதுவே பாறையின் ஆழம். மெய்யான நிலத்தில் அடுக்குகள் மிகுதி, கணக்கும் கடினம். ஆயினும், சம்மட்டி அடிக்கும் இடத்தை மாற்றி மாற்றிப் பல பதிவுகள் எடுத்து, அவற்றைக் கணினியில் ஒன்றிணைத்தால், மருத்துவமனையில் எடுக்கும் சி.டி. ஸ்கேன் போல நிலத்தின் குறுக்குவெட்டுப் படம் ஒன்று உருவாகிறது. சம்மட்டி அடியால் காணக்கூடிய ஆழம் சில பத்து மீட்டர்களே. ஆனால், பாறை நிலத்தின் நீர்த்தொட்டி அமைந்திருப்பதும் அந்த ஆழத்தில்தான்.

நாற்பது கிலோமீட்டரும் நாற்பது மீட்டரும்

இம்முறை புதுமையானதன்று. 1909ஆம் ஆண்டில் குரோவேசிய அறிஞர் ஆந்திரியா மொகோரோவிசிச், ஒரே நிலநடுக்கத்தின் அலைகள் வெவ்வேறு வேகத்தில் வந்து சேர்ந்ததைக் கொண்டு, புவியின் மேலோடு முடியும் எல்லையைக் கண்டறிந்தார். 1920களில் எண்ணெய் தேடுவோர் இதே கொள்கையைக் கையில் எடுத்துக்கொண்டனர். எண்ணெய்க்குப் பயன்பட்ட அளவுக்கு இக்கருவி தண்ணீருக்குப் பயன்படவில்லை. காரணம், எண்ணெய்க்கு விலை இருந்தது; நிலத்தடி நீர் விலையின்றிக் கிடைப்பதாக எண்ணப்பட்டது.

நம் வட்டாரமும் இவ்வறிவியலுக்கு அயலானதன்று. ஆந்திரத்தின் குப்பம் முதல் நம் பழனி வரை, கொங்குப் பாறைகளின் குறுக்கே, தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் சில பத்தாண்டுகளுக்கு முன் நெடியதொரு நில அதிர்வு ஆய்வை நடத்தியது. வெடி வைத்து எழுப்பிய அலைகளைப் பதிவுசெய்து, இந்நிலப்பகுதியில் புவியோடு நாற்பது கிலோமீட்டருக்கும் மிகுந்த தடிப்புடையது என்று அறிஞர்கள் கண்டனர். தென்னிந்தியாவின் பண்டைய பாறைகள் எவ்வாறு உருவாயின என்பதை அறிய அவ்வாய்வு உதவியது. நாற்பது கிலோமீட்டர் ஆழத்தை அறிந்துவிட்டோம். ஆனால், ஓர் உழவரின் வயலுக்குக் கீழே உள்ள முதல் நாற்பது மீட்டரை இன்னும் தேங்காயை வைத்துத்தான் தேடுகிறோம். குறை அறிவியலில் இல்லை. அதை எங்கே கொண்டு சேர்க்க வேண்டும் என்று நாம் முடிவெடுக்காததில் இருக்கிறது.

முயற்சிகள் இல்லாமலும் இல்லை. மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2012ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் நிலத்தடி நீர்ப்படுகைகளை வரைபடமாக்கும் திட்டத்தை மேற்கொண்டது. அதற்கு முன்னோடியாக ஆறு இடங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அவற்றுள் கடலூர்ப் பகுதியும் கர்நாடகத்தின் தும்கூர்ப் பகுதியும் அடங்கும். அங்கே ஹெலிகாப்டரில் கம்பிச்சுருளைத் தொங்கவிட்டு மின்காந்த முறையில் நிலத்தடியை ஆராய்ந்தனர். ஆயினும், நாடளாவிய வரைபடத்தின் அளவு 1:50,000. அதாவது, படத்தில் ஒரு சென்டிமீட்டர் நிலத்தில் 500 மீட்டர். இரண்டு ஏக்கர் வயல் ஒன்று அப்படத்தில் இரண்டு மில்லிமீட்டர்ப் புள்ளியாகச் சுருங்கிவிடும். இதனினும் நுண்ணிய ஆய்வுகளைக் கொண்ட இரண்டாம் கட்டம் தொடங்கப்பட்டிருப்பது நல்ல செய்தி. மாவட்டத்துக்குத் திட்டமிட முன்னைய படம் போதும். ஓர் ஊர் தன் நீரைப் பேண ஊரளவில் ஒரு படம் வேண்டும்.

ஒரு கண் போதாது

ஒரு கருவியைப் பரிந்துரைப்பவர் அதன் குறைகளையும் கூறுதல் அறமாகும். அதிர்வலை, பாறை எங்கே சிதைந்திருக்கிறது என்று தெளிவாகச் சொல்லும். அங்கே நீர் இருக்கிறதா என்று உறுதியாகச் சொல்லாது. கடினப்பாறைக்குள் செல்லும் மெல்லிய விரிசல் ஒன்றை மேற்பரப்பிலிருந்து கண்டறிவது அதற்கு அரிது. எனவே, மின்தடை முறையையும் உடன் பயன்படுத்துவர். நீர் உள்ள பகுதி மின்சாரத்தை எளிதில் கடத்தும். ஆனால், களிமண்ணும் அவ்வாறே கடத்துமாதலால், மின்தடை முறை தனித்து நின்றால் ஏமாறக்கூடும். ஒன்றன் ஐயத்தை மற்றொன்று தீர்க்கும். சாயக்கழிவால் உப்பேறிய நீர் நல்ல நீரைவிட மிகுதியாக மின்சாரத்தைக் கடத்தும். ஆதலால், கெட்ட நீர் பரவியிருக்கும் இடத்தை அறியவும் மின்தடை முறை உதவும். சாயநீரால் கிணறுகள் கெட்ட துயரை அறிந்த இவ்வட்டாரத்துக்கு அது மிகத் தேவையான செய்தி.

அதிர்வலையிலும் இருவகை உண்டு. முதன்மை அலை நீர் நிறைந்த இடத்தில் வேகம் மாறும். இரண்டாம் நிலை அலை நீர்மத்தின் வழியே செல்லாது; துளைகளில் நீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதன் வேகம் பெரிதும் மாறுவதில்லை. இரண்டையும் அளந்து ஒப்பிட்டால் நீர்மட்டத்தைக் குறித்து மேலும் தெளிவு பெறலாம்.

பள்ளிபாளையத்தில் இம்முறைக்கு மற்றோர் இடையூறும் உண்டு. இடைவிடாது இயங்கும் விசைத்தறிகள், நெடுஞ்சாலை வண்டிகள், காவிரிப் பாலத்தைக் கடக்கும் தொடர்வண்டிகள் ஆகிய அனைத்தும் நிலத்தை அதிரச் செய்துகொண்டே இருப்பவை. சம்மட்டி அடியின் ஓசை அவற்றுள் அமிழ்ந்துபோகும். ஆனால், இந்த இரைச்சலையே கருவியாக்கும் வழியை அறிஞர்கள் கண்டுள்ளனர். கலிபோர்னியாவின் சான் கேப்ரியல் பள்ளத்தாக்கில், எப்போதும் உள்ள இயல்பான நில அதிர்வின் பல ஆண்டுப் பதிவுகளைக் கொண்டு, நிலத்தடி நீர்மட்டம் ஏறி இறங்குவதைக் காட்டும் ஆய்வொன்று 2018ஆம் ஆண்டில் வெளியானது. அங்கு இயல்பான நில அதிர்வு செய்ததை இங்கு நம் தறிகளின் ஓசையும் ஒருநாள் செய்யலாம். இது முயன்று பார்க்கத் தக்கது.

படம் யாருடையது?

இனி, இக்கட்டுரையின் முதன்மையான வினாவுக்கு வருவோம். நிலத்தடிப் படம் கிடைத்துவிட்டது என்றே கொள்வோம். வசதி படைத்த ஒருவர் மட்டும் தம் செலவில் அப்படத்தை எடுத்து வைத்துக்கொண்டால் என்ன நிகழும்? சிதைந்த பாறை மிகத் தடித்த இடத்தை அறிந்து, அங்கே நிலம் வாங்கி, வலிமையான மோட்டாரைப் பொருத்தி, சுற்றுவட்டார நீரையெல்லாம் அவர் இழுத்துவிட இயலும். பக்கத்து வயல்காரர் தம் கிணறு ஏன் வற்றியது என்று அறியாமலேயே மேலும் நூறடி துளைப்பார். அறியாமையால் ஒரு நன்மையும் விளைந்திருந்தது. கொள்ளையிடுபவருக்கும் வழி தெரியாமல் இருந்தது. படம் அந்தத் தடையை நீக்கிவிடும்.

சட்டமும் இதில் பெருந்துணை புரிவதில்லை. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், தம் நிலத்துக்கு அடியில் குறித்த கால்வாய் வழி ஓடாத நீரைத் தம் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளும் உரிமையை நில உரிமையாளருக்கு ஏற்கிறது. நிலத்தின் உள்ளே எவராலும் காண இயலாத காலத்தில் எழுந்த கருத்து அது. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு நிலத்தடி நீர் மேம்பாடு, மேலாண்மைக்கான சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. நடைமுறைக்கு வராமலேயே 2013ஆம் ஆண்டு அது நீக்கப்பட்டது.

படம் ஊரின் நடுவே, ஊராட்சி அலுவலகச் சுவரில் தொங்கினால் நிலைமை வேறாகும். என் கிணறும் பக்கத்து வயல் கிணறும் ஒரே தொட்டியிலிருந்து நீர் பெறுகின்றன என்று இருவரும் ஒன்றாகக் கண்ட பின், ‘என் நிலம், என் நீர்’ என்று கூறுவது எளிதன்று. காணப்படாதவரை நிலத்தடி நீர் தனியார் சொத்தாகத் தோன்றியது. கண்ட பின் அது பொதுச்சொத்து என்று விளங்கும். ஏரிநீரை முறைவைத்துப் பகிர்ந்த நம் முன்னோர்க்கு அது இயன்றதற்கு ஏரி அனைவர் கண்ணுக்கும் தெரிந்ததும் ஒரு காரணம். நிலத்தடி ஏரியைக் கண்ணுக்குத் தெரியச் செய்வதே நில அதிர்வுப் படத்தின் மிகப் பெரிய பயன். துளையிடும் இடத்தைக் காட்டுவது அதற்கு அடுத்ததே.

டென்மார்க் நாடு இதற்கு ஒரு சான்று. அந்நாட்டில் குழாய்க்கிணறு தோண்டுவோர் தாம் கண்ட மண், பாறை விவரங்களை அரசின் நிலவியல் நிறுவனத்துக்கு அளிக்க வேண்டும் என்னும் விதி 1926ஆம் ஆண்டு முதல் உள்ளது. 1999 முதல் 2015 வரை, நாட்டின் பரப்பில் ஏறத்தாழ 40 விழுக்காட்டில் நிலத்தடி நீரை விரிவாக வரைபடமாக்கினர். செலவை நீர் நுகர்வோரிடம் பெற்ற சிறு கட்டணத்தால் ஈடுசெய்தனர். தரவுகளைப் பொதுவில் வைத்தனர். அந்நாட்டு நிலம் மணலும் சுண்ணப்பாறையும், நம்முடையது கடினப்பாறை. அவர்களின் கருவியை அப்படியே கொண்டுவர இயலாது. அவர்களின் ஒழுங்கைக் கொண்டுவரலாம்.

மறுப்புகளுக்கு மறுமொழி

‘செலவு மிகுமே’ என்பர் சிலர். நீரின்றிப் போன துளைக்குச் செலவிட்ட பணம் அன்றே தொலைந்துபோகிறது. ஆய்வுக் கருவி தேய்ந்துபோவதில்லை. ஒன்றியத்துக்கு ஒன்றாக வாங்கிய கருவித் தொகுதி ஊர் ஊராகச் சென்று பணிசெய்யலாம். ஓர் ஊரின் பாறை அமைப்பு ஆண்டுதோறும் மாறுவதன்று. ஒருமுறை எடுத்த படம் தலைமுறைகளுக்குப் பயன்படும்.

‘குச்சி பிடித்துச் சொன்னவர் குறித்த இடத்தில் நீர் வந்ததே’ என்பர் வேறு சிலர். வந்திருக்கலாம். ஆனால், வந்த கிணறுகளை ஊர் நினைவில் வைக்கிறது. வராத துளைகளை மறந்துவிடுகிறது. இரண்டையும் எழுதிவைத்து எண்ணிப் பார்த்தால்தான் எந்த முறையும் மெய்யா என்று தெரியும். இவ்வளவுகோல் குச்சிக்கு மட்டுமன்று, அறிவியல் கருவிக்கும் பொருந்தும்.

‘படம் கிடைத்தால் மேலும் துளைகள் பெருகுமே’ என்னும் அச்சமே மிக நேர்மையானது. அதற்கு விடை, படத்தோடு கணக்கும் சேர வேண்டும் என்பதே. ஆந்திரத்தின் வறண்ட மாவட்டங்களில் உழவர் பங்கேற்பு நிலத்தடி நீர்த் திட்டம் ஒன்று நடைபெற்றது. உழவர்களே மழையளவையும் கிணற்று நீர்மட்டத்தையும் அளந்து, பருவத்தின் தொடக்கத்தில் ஊர்கூடி நீர்வரவையும் செலவையும் கணக்கிட்டு, எப்பயிர் தாங்கும் என்று முடிவெடுத்தனர். தடையாணை பிறப்பிக்காமலேயே பலர் குறைந்த நீர் வேண்டும் பயிர்களுக்கு மாறினர். வரவு தெரிந்த குடும்பம் செலவில் கட்டுப்பாடு கொள்ளும். மேலும், எங்கே சிதைந்த பாறை தடித்து வறண்டிருக்கிறது என்று படம் காட்டினால், அங்கே கசிவுநீர்க் குட்டை அமைத்து மழைநீரைச் சேமிக்கலாம். படம், எடுப்பதற்கு மட்டுமன்றி நிரப்புவதற்கும் வழிகாட்டி.

வீட்டுப் பெட்டியில் கிடக்கும் தரவு

இத்தகைய பணிக்கு அரசு வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. ஆழ்துளைக் கிணறு அமைக்கும்போது மேற்பகுதி சரிந்துவிடாமலிருக்கக் கேசிங் பைப் என்னும் காப்புக்குழாயை இறக்குவர். உறுதியான பாறையைத் தொடும் ஆழம் வரை அக்குழாய் இறங்கும். ஆகவே, அக்குழாயின் நீளமே அவ்விடத்துச் சிதைந்த அடுக்கின் தடிப்பு. அந்நீளம் அடிக்கணக்கில் விலை போட்டு, ரிக் வண்டிக்காரர் தந்த ரசீதில் எழுதப்பட்டிருக்கும். நில அதிர்வு ஆய்வு கணித்துச் சொல்லும் ஓர் எண், வீட்டுப் பெட்டிகளில் பழைய ரசீதுகளாக ஏற்கெனவே கிடக்கிறது! எத்தனையாவது அடியில் முதல் ஈரம் கண்டது, எங்கே நீர் பெருகியது என்பன பெரியோர் நினைவில் உள்ளன. துளையிடும் தொழிலாளர் பல்லாண்டு பட்டறிவால் பெற்ற அறிவும் எழுதப்படாமலேயே மறைந்துகொண்டிருக்கிறது.

இவற்றைத் தொகுத்து ஊர்ப்படத்தில் குறித்தால் முதல் வரைபடம் உருவாகிவிடும். பின்னர் ஆய்வாளர் வந்து அதிர்வலைப் படம் எடுக்கும்போது, அவர்தம் கணிப்பைச் சரிபார்க்க இத்தரவைவிடச் சிறந்த துணை வேறில்லை. நீர் வந்த கிணறுகளோடு நீர் வராத துளைகளையும் தவறாமல் குறிக்க வேண்டும். ஒரு வீட்டின் இழப்பு மற்றொரு வீட்டுக்கு எச்சரிக்கையாகட்டும். மூடப்படாமல் கிடக்கும் துளைகள் கண்ணில் பட்டால் உடனே மூடச்செய்வதும் இப்பணியின் பகுதியாகும். அவை குழந்தைகளைப் பலிகொண்ட துயரத்தை நாடு மறக்கவில்லை.

கிணற்றுக்குக் கூவல், கேணி, துரவு எனப் பல பெயரிட்டு வழங்கிய மொழி நம்முடையது. நீரின் ஒவ்வொரு நிலையையும் நுணுகிக் கண்டவர்களே அத்தனை பெயர்களை ஆக்க முடியும். அந்நுண்மையை இன்று நிலத்தின் உள்ளேயும் செலுத்த வேண்டிய காலம் வந்துள்ளது. திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் ரிக் வண்டியோடு ஊர்ப்படம் ஒன்றும் சேர்ந்து செல்லும் நாளில், பள்ளிபாளையத்து மேட்டு நிலக் குடும்பம் ஒன்று ஆயிரம் அடிப் புழுதிக்காகக் கடன்படும் நிலை மாறும். துளையிடும் கை நம்மிடம் உள்ளது; காணும் கண்ணையும் பகிரும் மனத்தையும் சேர்த்துக்கொள்வோம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உள்ள ஆழ்துளைக் கிணறுகள் பத்தினைத் தேர்ந்தெடுத்து, காப்புக்குழாயின் நீளம், மொத்த ஆழம், முதல் ஈரம் கண்ட ஆழம் ஆகியவற்றைக் கேட்டறிந்து அட்டவணைப்படுத்துக.

2. அவ்விவரங்களை ஊரின் வரைபடத்தில் குறித்து, சிதைந்த பாறை தடித்த பகுதி எது என்று குழுவாகக் கலந்துரையாடுக.

3. ‘நிலத்தடி நீர் தனியார் உடைமையா? பொதுச்சொத்தா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

4. நிலத்தடி நீர் வரைபடத்தைப் பொதுவில் வைப்பதால் விளையும் நன்மைகளையும் எழக்கூடிய சிக்கல்களையும் குறித்து, ஊராட்சித் தலைவருக்கு விண்ணப்பம் ஒன்று எழுதுக.